கூலிக்கு ஆடியவன் துரோகியா?

ஓசூர் சிப்காட்டில் காண்டிராக்ட் கூலியாக வேலை செய்யும் இளைஞன் ஒருவனை நமக்குத் தெரியும். சூளகிரிப் பக்கத்துக் கிராமத்தான். தகப்பன் நிலமில்லாத விவசாயக் கூலி. ஊர்க் கபடிக் குழுவில் அவன் பாடிப் போனால் எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேராவது வெளியேறாமல் திரும்பமாட்டான்.

ஒரு சனிக்கிழமை பந்தயத்துக்குப் போனான். கோப்பை வந்தது, ஊரே கொண்டாடியது. மறுபடி ஷிப்டுக்குப் போனபோது கணக்குத் தீர்க்கப்பட்டது. ஒரு நாள் கூலி போயிற்று. அதோடு அந்த மாதத்து வருகைப் போனஸும் போயிற்று. "விளையாட்டா, வேலையா? முடிவு செய்துகொண்டு வா" என்றார் சூபர்வைசர். கோப்பையை வைத்து அரிசி வாங்க முடியுமா?

பிறகு ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளிப் பக்கத்துக் குழு ஒன்று அவனைக் கூப்பிட்டது. பஸ் சார்ஜ், சாப்பாடு, கையில் இழந்த கூலிக்கு ஈடாகக் கொஞ்சம் பணம். அவன் போனான். உடனே கிளம்பிற்று கூப்பாடு! "விலைபோய்விட்டான்", "ஊருக்குத் துரோகம் செய்தான்", "காசுக்கு ஆடுகிறவன் ஆட்டக்காரனா?" கூப்பாடு போட்டவர்கள் யார்? மாம்பழ மண்டிக்காரர், டிராக்டர் சொந்தக்காரர், வட்டிக்கு விடுகிறவர். இவர்களில் எவருக்காவது ஒரு நாள் கூலி போனால் இரவு அடுப்பு எரியாது என்ற நிலைமை உண்டா?

நாம் கேட்கிறோம்: இதில் யார் துரோகி?

இந்தக் கேள்வி ஓசூரில் பிறந்ததல்ல. 130 வருஷங்களுக்கு முன்பே வட இங்கிலாந்தின் பஞ்சாலைத் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் இதே கேள்வியை எழுப்பினார்கள். ரக்பி என்ற ஒரு விளையாட்டே அந்தக் கேள்வியால் இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனவர்களில் ஒருவர் பில்லி பாஸ்டன் என்ற கறுப்பின இளைஞர். 2025 ஜூன் மாதம், 90 வயதில், லண்டன் அரண்மனை அவருக்கு 'சர்' பட்டம் சூட்டியது. பட்டத்தின் பளபளப்பில் பழைய கணக்கு மறைந்துவிடக் கூடாது. அதனால்தான் எழுதுகிறோம்.

நம் பஞ்சமும் அவர்கள் கோப்பையும்

ரக்பி என்றால் என்ன? முட்டை வடிவப் பந்து. அதைக் கையில் தூக்கிக்கொண்டு எதிரியின் எல்லைக்கு ஓட வேண்டும். எதிரிகள் பாய்ந்து பிடித்து மண்ணில் சாய்ப்பார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் புள்ளி. அதற்கு 'டிரை' என்று பெயர். பிடி, திமிறல், பாய்ச்சல் எல்லாம் உண்டு. கபடி தெரிந்தவனுக்கு இந்த ஆட்டம் அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் இதை நடத்தியவர்கள் பணக்காரப் பள்ளிக்கூடங்களில் படித்த கனவான்கள். இவர்களின் லட்சணத்துக்கு நம் நாட்டிலேயே சாட்சியம் இருக்கிறது. கல்கத்தா வெள்ளைக்காரர்கள் 1873-ல் ஒரு ரக்பி கிளப் தொடங்கினார்கள். இலவச மதுபானம் நின்றதும் அங்கத்தினர்கள் கழன்றுகொண்டார்கள் என்பது அந்தக் கிளப்பின் கதையிலேயே சொல்லப்படும் செய்தி. கிளப்பை மூடியபோது பாங்கியில் மிஞ்சியிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து, உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடியும் யானை மூடியும் வைத்து ஒரு கோப்பை செய்தார்கள். 1878-ல் அதை லண்டனுக்கு அன்பளிப்பாக அனுப்பினார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றைக்கும் 'கல்கத்தா கோப்பை' என்று அதற்காகத்தான் மோதுகின்றன.

அந்த வருஷங்கள் எவை? 1876 முதல் 1878 வரை. நம் பாட்டன்மார் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்லி நடுங்கிய வருஷங்கள். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் ஜில்லாவின் தாலுகாக்கள். பஞ்சம் கடுமையாகத் தாக்கிய ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. இங்கே மக்கள் கஞ்சிக்கில்லாமல் செத்தார்கள். அங்கே ரூபாயை உருக்கிக் கோப்பை வார்த்தார்கள். இவர்கள்தான் பிற்பாடு தொழிலாளிக்கு 'காசைத் தொடாதே, விளையாட்டின் புனிதம் கெட்டுவிடும்' என்று உபதேசம் செய்தவர்கள்!

ஆறு ஷில்லிங் கேட்டது குற்றமா?

தொழிலாளிக்கு விளையாட நேரம் எங்கிருந்து வந்தது? எந்தக் கனவானும் தானம் கொடுக்கவில்லை. வேலை நேரத்தைக் குறைக்கப் போராடியதன் விளைவாக வந்தது. 1850-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி இங்கிலாந்துப் பஞ்சாலைகளில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு வேலை நின்றது. அந்த அரை நாள் படிப்படியாக மற்றவர்களுக்கும் பரவிற்று. சனிக்கிழமை மாலை, யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் ஆலைத் தொழிலாளி மைதானத்துக்கு வந்தான். சுரங்கத்தில் கரி வெட்டிய தோள், மூட்டை தூக்கிய முதுகு. கனவான்களின் குழுக்களை அவன் துவைத்தெடுத்தான்.

ஆட்டம் வெளியூரில் என்றால் அரை நாள் போதாது. காலையிலேயே ரயில் ஏற வேண்டும். கூலி வெட்டு விழும். எலும்பு முறிந்தால் வாரக்கணக்கில் பட்டினி. ஆகவே வட பகுதிக் கிளப்புகள் ஒரு கோரிக்கை வைத்தன. ஆட்டத்துக்குச் சம்பளம் கேட்கவில்லை. லாபத்தில் பங்கு கேட்கவில்லை. ஆடப் போனதால் இழந்த கூலியை மட்டும் ஈடுசெய்யுங்கள் என்று கேட்டன. அவ்வளவுதான்!

1893 செப்டம்பரில் லண்டனில் ஒரு பெரிய ஹோட்டலில் ரக்பி யூனியனின் பொதுக்கூட்டம் கூடியது. வட பகுதிப் பிரதிநிதிகள் ரயில் பிடித்து வந்தார்கள். கனவான்களோ வராதவர்களின் ஓட்டுகளையும் முன்கூட்டியே சேகரித்துப் பையில் வைத்திருந்தார்கள். ஆதரவு 136, எதிர்ப்பு 282. கோரிக்கை தோற்கடிக்கப்பட்டது. கூலியை இழக்க முடியாதவன் ஆடாமல் இருக்கட்டும் என்பதே அந்த 282 ஓட்டின் அர்த்தம்.

வட பகுதியினர் பணியவில்லை. 1895 ஆகஸ்ட் 29-ம் தேதி ஹடர்ஸ்ஃபீல்ட் என்ற கம்பளி ஆலை நகரத்தில், ஜார்ஜ் ஹோட்டலில் கூடி யூனியனிலிருந்து வெளியேறினார்கள். 22 கிளப்புகளுடன் புதிய ஸ்தாபனம் தொடங்கிற்று. இழந்த நேரத்துக்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று தீர்மானித்தார்கள். அதுவே பிற்காலத்தில் 'ரக்பி லீக்' ஆயிற்று. யூனியனில் ஒரு பக்கத்துக்கு 15 பேர். லீக்கில் 1906 முதல் 13 பேர்.

கனவான்கள் பழிவாங்கினார்கள். லீக்கில் ஆடியவன் ஆயுள் முழுவதும் யூனியனில் ஆடக் கூடாது, பயிற்சி கொடுக்கக் கூடாது. ஒரு பென்னிகூட வாங்காமல் லீக்கில் ஆடினாலும் பல பத்தாண்டுகள் வரை இதே தண்டனைதான். அப்படியென்றால் காசுதான் குற்றம் என்பது பொய். தொழிலாளிகளின் பக்கம் போனதுதான் குற்றம்!

துறைமுகத்துப் பையன்

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப், நிலக்கரி ஏற்றுமதியில் கொழுத்த துறைமுகம். அங்கே டைகர் பே என்ற குடியிருப்பு. ஆப்பிரிக்கா, அரேபியா, சோமாலியா, மேற்கிந்தியத் தீவுகள், நம் நாடு என்று எல்லாத் திசைகளிலிருந்தும் வந்த கப்பல் கூலிகள் அங்கே குடியேறினார்கள். 1919-ல் வெள்ளை இனவெறிக் கும்பல்கள் அவர்களைத் தாக்கின. 1925-ல் கறுப்பு மாலுமிகள் போலீசில் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்று சர்க்கார் தனி உத்தரவே போட்டது.

அந்தக் குடியிருப்பில் 1934-ல் பிறந்தவர் பில்லி பாஸ்டன். தகப்பனார் சியரா லியோனிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி; தாயார் ஐரிஷ் வம்சம்; வீட்டில் 11 குழந்தைகள். பையனின் கால்களில் மின்னல் இருந்தது. பள்ளி அணிக்குத் தலைவன்; நீத் கிளப்புக்கும் ஆடினார். அவருடைய ஆசை ஒன்றே ஒன்று: கூப்பிடு தூரத்திலிருந்த கார்டிஃப் கிளப்புக்கு ஆட வேண்டும், வேல்ஸ் நாட்டுக்கு ஆட வேண்டும். கார்டிஃப் கிளப் அவரை அழைக்கவே இல்லை. வேல்ஸ் யூனியன் அணியில் ஒரு கறுப்பு முகத்தைப் பார்க்க 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்றால், அழைப்பு ஏன் வரவில்லை என்பதைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

1953-ல் அவர் பட்டாளத்தில் கட்டாய சேவை செய்துகொண்டிருந்தார். பட்டாளக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆறு டிரை போட்டார். விகன் என்ற நிலக்கரி, பஞ்சாலை நகரத்து லீக் கிளப்பின் ஆட்கள் டைகர் பே வீட்டைத் தேடி வந்தார்கள். மேஜைமேல் 1,000 பவுனை ஐந்து பவுன் நோட்டுகளாகப் பரப்பினார்கள். பையனுக்கு மனமில்லை. ஆளை அனுப்பிவிடலாம் என்று எண்ணிய தாயார், "3,000 கொடுத்தால் பார்க்கலாம்" என்றார். அவர்கள் சரி என்று சொல்லிவிட்டார்கள்! சொன்ன சொல்லைத் தாய் எப்படி மாற்றுவாள்? கையெழுத்தாயிற்று.

ஒரு தொழிலாளியின் வாரச் சம்பளம் பத்துப் பவுனை எட்டாத காலம் அது. 3,000 பவுன் என்றால் ஆறு வருஷத்துக்கும் மேலான உழைப்பின் கூலி. 11 குழந்தைகளைப் பெற்ற வீட்டில் அதைத் தள்ளிவிட வேண்டும் என்று உபதேசிக்க யாருக்கு அருகதை உண்டு? கையெழுத்திட்ட கணமே பாஸ்டனுக்கு யூனியனின் கதவு ஆயுளுக்கும் மூடப்பட்டது. வேல்ஸ் சட்டையைப் போடும் கனவு அன்றோடு செத்தது. அந்த ஏக்கம் தமக்கு எப்போதும் இருந்ததென்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கூலிக்காரன் கட்சி மாறும்போது கொடுக்கிற விலை இதுதான். பெற்றது மட்டும் ஊர்க் கண்ணில் படுகிறது, கொடுத்தது படுவதில்லை.

விகன் தொழிலாளிகள் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். இரண்டாம் அணிக்கு அவர் ஆடிய முதல் ஆட்டத்தைப் பார்க்கவே எட்டாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். 1954-ல், முதல் அணியில் சில ஆட்டங்களே ஆடியிருந்த நிலையில், பிரிட்டிஷ் அணியோடு ஆஸ்திரேலியா போனார். அந்தச் சுற்றுப்பயணத்துக்குத் தேர்வான முதல் கறுப்பர் அவர்தான். போட்ட டிரை 36. விகனுக்காக 488 ஆட்டங்களில் 478 டிரை. 1970-ல் ஆட்டத்தை விட்டபோது மொத்தம் 571. ஆட்டக்காரன் இல்லையாம், காசுக்கு விலைபோனவனாம்!

கனவானுக்கு ஒரு நீதி

கனவான்கள் காசைத் தொடாத சன்னியாசிகளா? கிரிக்கெட்டைப் பாருங்கள். டாக்டர் டபிள்யூ. ஜி. கிரேஸ் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் 'காசு வாங்காத கனவான்' என்ற பட்டியலில் இருந்தவர். 1891–92-ல் ஆஸ்திரேலியா போக அவர் பெற்ற தொகை 3,000 பவுன். குடும்பச் செலவு தனி. அவர் கனவானாகவே இருந்தார். அறுபது வருஷம் கழித்து அதே 3,000 பவுனை வாங்கிய கப்பல் கூலியின் மகன் ஆயுளுக்கும் தள்ளிவைக்கப்பட்டார். தொகை ஒன்று, வர்க்கம் வேறு. ஆகவே தீர்ப்பும் வேறு!

இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் 1962 வரை 'கனவான்கள்' ஒரு ஜாதி, கூலி வாங்கும் 'ஆட்டக்காரர்கள்' வேறு ஜாதி. ஒரே அணியில் ஆடினாலும் பல மைதானங்களில் உடை மாற்ற வேறு அறை, உள்ளே வர வேறு வாசல். டீக்கடையில் இரட்டைக் குவளையைக் கண்டவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் புனிதம் கடைசியில் என்ன ஆயிற்று? 1995 ஜூனில், டெலிவிஷன் முதலாளி மர்டாக்கின் கம்பெனி தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா யூனியன்களோடு பத்து வருஷத்துக்கு 55 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. இரண்டே மாதத்தில், பிளவுக்கு நூறு வருஷம் நிறையச் சில நாட்களே இருந்தபோது, உலக யூனியன் தலைவர்கள் பாரிசில் கூடி, இனி எவரும் காசு வாங்கி ஆடலாம் என்று அறிவித்தார்கள். தொழிலாளி ஆறு ஷில்லிங் கேட்டபோது கெட்டுப்போன புனிதம், முதலாளி 55 கோடி டாலரை நீட்டியதும் கெடவில்லை! இதைவிட அப்பட்டமான ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா?

மறுபக்கமும் சொர்க்கமல்ல

அதனால் லீக் கிளப்புகள் தொழிலாளி ராஜ்யம் என்று நாம் சொல்ல வரவில்லை. அவற்றை நடத்தியவர்களிலும் வியாபாரிகளும் ஆலை முதலாளிகளும் இருந்தார்கள். 1898-ல் ஆட்டத்துக்குக் கூலி கொடுக்க அனுமதித்தபோதே ஒரு நிபந்தனையையும் மாட்டினார்கள்: ஆடுகிறவனுக்கு வேறு உருப்படியான வேலை இருந்தாக வேண்டும். வேலை பறிபோனால் மைதானமும் பறிபோயிற்று! அந்த நிபந்தனை 1905 வரை இருந்தது. கிளப்பின் சம்மதமில்லாமல் ஆட்டக்காரன் வேறு கிளப்புக்குப் போக முடியாத முறை அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது.

நிறவெறியின் முன்னாலும் லீக் தலைவர்கள் முதுகு வளைத்தார்கள். 1957-ல் ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை ஆடிவிட்டு, பிரிட்டிஷ் அணி வழியில் தென்னாப்பிரிக்காவில் காட்சி ஆட்டங்கள் ஆடிற்று. அங்கே கறுப்பனுக்கு வெள்ளையனோடு இடமில்லை. அணித் தோழர்கள் அங்கே இறங்கினார்கள். பாஸ்டன் தனியாக ஊர் திரும்பினார். அன்று அணித் தலைமை 'எங்கள் ஆள் வராவிட்டால் நாங்களும் வரமாட்டோம்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இது லீக்கின் சரித்திரத்தில் கறை.

யூனியன் கனவான்களோ இதைவிட மோசம். 1984-ல் கூட, உலகமே அந்த நிறவெறி ஆட்சியைப் பகிஷ்கரித்தபோது, இங்கிலாந்து யூனியன் அணி தென்னாப்பிரிக்கா போய் ஆடிற்று. அதற்காக எவருக்கும் ஆயுள் தடை இல்லை. நிறவெறி அரசோடு கைகுலுக்கலாம். சுரங்கத் தொழிலாளியின் ஆட்டத்தில் கால்வைத்தால்தான் குற்றம்!

ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. யூனியன் மூடிய கதவு லீக்கில் திறந்தது. கார்டிஃபிலிருந்து பாஸ்டனின் வழியே வந்த இன்னொரு கறுப்பு இளைஞர் கிளைவ் சல்லிவன் 1972-ல் பிரிட்டிஷ் லீக் அணிக்குத் தலைமை தாங்கி உலகக் கோப்பையை வென்றார். பெரிய விளையாட்டு எதிலும் பிரிட்டனின் தேசிய அணிக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பர் அவர். இருவருக்கும், அதே ஊரிலிருந்து வடக்கே போன கஸ் ரிஸ்மனுக்குமாகச் சேர்த்து, 2023-ல் கார்டிஃப் துறைமுகத்தில் சிலை வைத்தார்கள். உயிரோடு ஓடியபோது இடம் கொடுக்காத ஊர், வெண்கலமான பிறகு இடம் கொடுத்தது.

பட்டமும் ஏலமும்

யூனியனில் கிளைவ் உட்வார்டுக்கு 2004-லேயே 'சர்' பட்டம், காரெத் எட்வர்ட்ஸுக்கு 2015-ல். லீக்கில் ஆடிய ஒருவருக்கு அது கிடைக்க 130 வருஷம் ஆயிற்று. பாஸ்டனுக்குப் பெருமை வந்ததில் நமக்கும் சந்தோஷமே. ஆனால் ராவ்பகதூர், திவான்பகதூர்களைப் பார்த்த நாடு இது. பட்டம் கொடுப்பவன் கடனைத் தீர்ப்பதில்லை. கடனை மறக்கச் சொல்கிறான். ஒரு மனிதருக்குப் பட்டம் கொடுத்தால் 1893-ன் 282 ஓட்டுகள் ரத்தாகிவிடுமா? வேல்ஸ் சட்டையைப் போடாமலே போன அந்த வாலிபம் திரும்புமா?

"அதெல்லாம் பழைய கதை. இப்போதுதான் விளையாட்டில் பணம் கொட்டுகிறதே" என்று சிலர் வாதிக்கலாம். ஆம், கொட்டுகிறது. 2014 முதல் புரோ கபடி நடக்கிறது. 2018-லேயே ஆட்டக்காரர்கள் கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போனார்கள். 2025 ஜூனில் மும்பையில் ரக்பிக்கும் ஒரு லீக் நடத்தினார்கள். அதில் சென்னைக்கு ஒரு குழு, பெங்களூருக்கு ஒரு குழு. ஏலத்தில் போனவனை நாம் ஏசமாட்டோம். அவன் தோளும் காலும் உழைத்த உழைப்பு அது. ஆனால் ஏல மேடை ஏறுகிறவன் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரில் ஒருவன். கிராமத்துக்குக் கிராமம் விளக்கு வெளிச்சத்தில் ஆடும் ஆயிரக்கணக்கான பேருக்கு என்ன? தளி, தேன்கனிக்கோட்டை, பர்கூர், ஊத்தங்கரை என்று எங்கே பார்த்தாலும் அதே கூலி வெட்டு, அதே மிரட்டல், முழங்கால் பிசகினால் அதே பட்டினி.

நேற்று 'காசைத் தொடாதே' என்றார்கள். இன்று 'காசு போடுகிறவனே எஜமான்' என்கிறார்கள். இரண்டு பேச்சும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன. உழைப்பாளி தன் உடம்பின்மேலும் தன் ஓய்வின்மேலும் உரிமை கொண்டாடக் கூடாது என்பதே இரண்டுக்கும் அடிப்படை.

நாம் கேட்பது

ஆகவே நாம் கேட்பது தானமல்ல, பட்டமுமல்ல. ஹடர்ஸ்ஃபீல்டில் கேட்டதைத்தான் ஓசூரிலும் கேட்கிறோம்.

தாலுகா, மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்குப் போகும் தொழிலாளிக்கு, காண்டிராக்ட் ஆனாலும் பயிற்சியாளர் ஆனாலும், கூலியோடு விடுப்பு வேண்டும். அந்த நாளைக் காட்டி வருகைப் போனஸை வெட்டக் கூடாது. விவசாயக் கூலியின் மகனோ மகளோ மாவட்டத்துக்காக ஆடப் போனால், இழந்த நாள் கூலியைச் சர்க்கார் கொடுக்க வேண்டும். களத்தில் அடிபட்டவனுக்கு வைத்தியச் செலவும், எழுந்து வேலைக்குப் போகும் வரை படியும் வேண்டும். ஆலைகளுக்கு ஏக்கர் ஏக்கராக நிலம் அளந்து கொடுத்த இந்த மாவட்டத்தில், தொழிலாளிக் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் மைதானம் வேண்டும்.

ஆலைத் தோழர்களே, அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேருங்கள். போனஸும் பஞ்சப்படியும் கேட்கிற இடத்தில் விளையாட்டைப் பற்றியா என்று தயங்க வேண்டாம். எட்டு மணி நேர வேலை கேட்டவன் மிச்ச நேரத்தில் மனிதனாக வாழத்தான் கேட்டான். கிராமத்துத் தோழர்களே, எல்லை தாண்டி ஆடப் போன பையனை 'விலைபோனவன்' என்று ஏசும் மண்டிக்காரர் கூட்டத்தோடு நீங்களும் சேர்ந்து கூவாதீர்கள். அவன் இழந்த கூலியை ஈடுசெய்ய ஊர் என்ன செய்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

அந்தச் சூளகிரி இளைஞன் இன்றும் ஷிப்டுக்குப் போகிறான். சனிக்கிழமைகளில் எல்லை தாண்டுகிறான். அவன் ஊரை விற்கவில்லை. தன் ஒரு நாள் கூலியைத் திருடுகிறவர்களிடமிருந்து மீட்கப் பார்க்கிறான். தனியாக மீட்க முயன்றால் பாஸ்டனைப் போல ஒன்றைப் பெற்று ஒன்றை இழக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து கேட்டால் இழக்க வேண்டியதில்லை.

ஆடியவன் துரோகியல்ல. கூலியை வெட்டியவனே துரோகி!